கிட்வாய் நகரில் நிற்கும் வண்டி

4 நவம்பர் 2024

அத்தைக்கு,

வைஷ்ணவி எழுதுகிறேன். மாடி வீட்டுத் தெரசா அக்காதான் இதை உங்களிடம் தருவார்கள், உறையைக் கிழித்துப் போட்டுவிட்டுக் காகிதத்தை மட்டும். அஞ்சல் முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும் என்பதால் நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். போன் செய்யாததற்குக் காரணம், உங்கள் போனுக்கு வரும் அழைப்பும் செய்தியும் எல்லாம் மஸ்கட்டில் உங்கள் மகனின் லேப்டாப்பிலும் தெரிகிறது. அந்த ஏற்பாட்டை அவரே ஒருநாள் என்னிடம் பெருமையாகக் காட்டினார்.

சமாதானம் பேச எழுதவில்லை. என் மோட்டார் சைக்கிளுக்காக எழுதுகிறேன். ஆகஸ்டில் இரண்டு பையோடு கிளம்பியவள் அதை உங்கள் வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு வந்தேன். என் சம்பளத்தில் வாங்கியது, என் பெயரில் இருப்பது. இங்கேயும் யுபிஎஸ் பேட்டரி கம்பெனியில் அதே சர்வீஸ் வேலைதான், ஆனால் ஊர் ஊராகப் போக வேண்டும். வேலை உறுதியானதும் வண்டியை ரயிலில் வரவழைத்துக்கொள்கிறேன். அதுவரை பேட்டரி சாகாமல் இருக்க வேண்டும். முழுசாக இறங்கிக் கிடந்தால் உள்ளே தகடுகளில் உப்புப் படிந்துவிடும், பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் பிடிக்காது.

சீட்டைக் கழற்றினால் பேட்டரி தெரியும். முதலில் கறுப்பு வயர், அதாவது நெகட்டிவ், அதைக் கழற்றுங்கள். கழற்றிய வயர் நுனியில் துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அது ஒன்றே பாதி வேலை. மாதம் ஒருமுறை என் சின்ன சார்ஜரை ஓர் இரவு போட்டு வைத்தால் போதும். பரண் மேல் என் டூல் பையில் இருக்கிறது. கார் சார்ஜர், இன்வெர்ட்டர் எதிலும் கொடுக்க வேண்டாம், கொதித்துப் போய்விடும். வண்டியைப் பேஸ்மென்ட்டில் நிறுத்துங்கள். பனியும் வெயிலும் படாது.

இவ்வளவுதான் கேட்கிறேன்.

வைஷ்ணவி

*

கிட்வாய் நகர், புது தில்லி
12 நவம்பர் 2024

அன்புள்ள வைஷ்ணவி,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பேட்டரியின் உடம்புக்கு என்ன ஆகும் என்று ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு, "அத்தை, சுகமா" என்று ஒரு வரி எழுத வரவில்லை. போகட்டும். தீபாவளிப் புகை இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. ஆபீஸ் போய் வருவதற்குள் கண்ணும் தொண்டையும் எரிகிறது. நீ கேட்கவில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

அதென்ன, தெரசாவுக்குத் தெரிந்த முகவரி எனக்குத் தெரியக்கூடாதா? நர்ஸ் வேலை பார்க்கிற மாடி வீட்டுக்காரி உனக்கு உறவு, ஐந்து வருஷம் ஒரே அடுப்பில் சமைத்துப் போட்ட நான் வேற்று ஆளா? சந்தோஷம்.

வண்டி விஷயம். நீ சொல்வதற்கு முன்பிருந்தே அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். யார் என்று நினைக்கிறாய்? கௌதமன்தான். மஸ்கட்டிலிருந்து வாரம் தவறாமல் கேட்கிறான். "ம்மா, அவ வண்டிய ஸ்டார்ட் பண்ணியா? பேட்டரி டவுன் ஆயிடப் போகுது." ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு நானே கீழே போய், சாவியைப் போட்டு, பொத்தானை அமுக்கி, இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். ஐம்பத்தெட்டு வயதில் மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் செய்கிறேன் என்று செக்யூரிட்டி பையா சல்யூட் அடிக்கிறான். அப்புறம், வயர் எதையும் கழற்றக்கூடாதாம், பேஸ்மென்ட் கூடவே கூடாதாம். "அங்க சீலன் இருக்கும்மா, ஈரம், துரு பிடிக்கும். மேலயே, திறந்த இடத்துல நிக்கட்டும்." அதன்படியே பார்க் ஓரம் நிறுத்தியிருக்கிறேன்.

உன் மேல் உயிரை வைத்திருக்கிறவன்தான் உன் வண்டியை இப்படி விசாரிப்பான். கோபத்தில் இரண்டு வார்த்தை அதிகமாகப் பேசியிருப்பான். அதற்காக ஊரையே விட்டுப் போவார்களா?

சாந்தகுமாரி

*

19 நவம்பர் 2024

அத்தைக்கு,

சுகமா? புகை நேரத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு போங்கள். உங்களுக்கு மூச்சுத் தொந்தரவு உண்டு, எனக்கு அது மறக்கவில்லை.

இரண்டு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவது பேட்டரிக்குச் செய்யும் கெடுதல். ஸ்டார்ட் ஆகும் அந்த ஒரு நொடியில் அது கொடுக்கிறதை நிற்கும் வண்டி இரண்டு நிமிஷத்தில் திருப்பித் தராது. வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துகொண்டே போகும். ஸ்டார்ட் செய்யாமல் வயரைக் கழற்றி வைப்பதுதான் நல்லது. ஐந்து வருடமாக நான் பேட்டரியோடுதான் பிழைக்கிறேன். தயவுசெய்து என் பேச்சைக் கேளுங்கள்.

இன்னொன்று. உங்கள் மகனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாது. என் வண்டியில் பெட்ரோல் இருக்கிறதா என்று ஒருநாள் கேட்டதில்லை. திடீரென்று எதற்கு அதன் பேட்டரி மேல் இத்தனை கரிசனம்? எனக்கு நல்லதாகப் படவில்லை, அத்தை.

ஒரு வருடமாக நான் சொல்லி வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான் எங்கே போனாலும் அவருக்குத் தெரிந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மீன் வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் மஸ்கட்டிலிருந்து போன் போட்டு "மார்க்கெட்ல நாற்பது நிமிஷம் என்ன பண்ணே?" என்பார். ஜனக்புரியில் என் பள்ளிக்கூடத் தோழி வீட்டுக்குப் போனால் அந்தத் தெருவின் பெயரைச் சொல்வார். யார் சொன்னது என்றால், "என் ஃப்ரெண்ட் பார்த்தான்" என்பார். உங்களிடம் வந்து அழுதேன். "டெல்லியில நம்ம ஆளுங்க நிறைய, யாராவது பார்த்திருப்பாங்க, நீயா எதையும் கற்பனை பண்ணிக்காதே" என்றீர்கள். நான் பைத்தியமாகிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்தப் பயத்தில்தான் கிளம்பினேன், இரண்டு வார்த்தைக் கோபத்தில் இல்லை.

வயரை மட்டும் கழற்றிவிடுங்கள்.

வைஷ்ணவி

*

கிட்வாய் நகர்
28 நவம்பர் 2024

அன்புள்ள வைஷ்ணவி,

நீ சொன்னதுதான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை பொத்தானை அமுக்கினால் வண்டி டக் டக் என்று முனகிவிட்டு அடங்கிப்போயிற்று. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. உன் சாமான், என் பொறுப்பில் இருக்கும்போது கெட்டுப்போனால் என்ன பதில் சொல்வேன்? சரி, வேலை தெரிந்தவள் சொல்வதைக் கேட்போம் என்று அன்றைக்கே செக்யூரிட்டி பையாவை வைத்து வண்டியைப் பேஸ்மென்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பரண் மேலிருந்து உன் பையை இறக்கி, சார்ஜரை இரவு முழுக்கப் போட்டுவிட்டுக் காலையில் கறுப்பு வயரைக் கழற்றித் துணி சுற்றினேன். ஸ்பேனர் பிடித்த கையைப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது கேள். வயரைக் கழற்றிவிட்டு மேலே வந்து காப்பி கலக்குகிறேன், கௌதமன் போன். எடுத்த எடுப்பில், "ம்மா, வண்டிய என்ன பண்ணே?" என்கிறான். "பேட்டரி வயர கழட்டினியா? சச் போலோ, நிஜத்த சொல்லு." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாண்டா, எப்படிடா தெரியும் என்றேன். "சும்மா தோணிச்சு" என்றான். மஸ்கட்டில் இருக்கிற பிள்ளைக்கு இங்கே நான் ஒரு வயரைத் தொட்டது மனசில் படுகிறது என்றால் பார்த்துக்கொள். அவன் மனசு பூராவும் இந்த வண்டியில்தான், அதாவது உன்னிடத்தில்தான் இருக்கிறது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஆனால் பேஸ்மென்ட் என்றதும் கத்தினான் பாரு, அப்படி ஒரு கத்தல். "ஜல்தி மேல கொண்டு வாம்மா, வயர திரும்ப மாட்டு." அப்புறம் அவனே அழுதான். அழுகிற பிள்ளையிடம் நான் என்ன வாதாடுவது? மாட்டிவிட்டேன். பழைய இடத்திலேயே நிற்கிறது.

ஆனால் இதுதான் புரியவில்லை. முழுசாக ஏறின பேட்டரி மூன்றே நாளில் மறுபடி மந்தமாகிவிட்டது. உன் பையில் இருந்த மீட்டரை வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருந்தது பன்னிரண்டுக்கு வந்து நிற்கிறது. ஸ்டார்ட் செய்வதையும் விட்டுவிட்டேன். பேட்டரியே போய்விட்டதா? புதுசு வாங்கட்டுமா?

சாந்தகுமாரி

*

4 டிசம்பர் 2024

அத்தை,

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி கெடவில்லை. ஏதோ ஒன்று அதிலிருந்து ராப்பகலாகக் கரண்ட் எடுக்கிறது. வயரைக் கழற்றிய உடனே அவருக்குத் தெரிந்தது மனசினால் அல்ல.

சாவி போடாத வண்டி என்ன இழுக்கிறது என்று அளந்து பாருங்கள். மீட்டரின் குமிழை ஆம்பியர் பக்கம் திருப்பி, சிவப்புக் கம்பியை அதற்கான துளையில் மாற்றிச் செருகுங்கள். நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரின் ஒரு ஊசியை அந்த வயரிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வையுங்கள். என் வண்டியில் கடிகாரம் மட்டும்தான். ஒன்று, இரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டக்கூடாது. அதிகமாகக் காட்டினால் பேட்டரியிலிருந்து கிளம்பும் வயர்களைக் கையாலேயே தடவிக்கொண்டு போங்கள். கம்பெனி போட்ட வயரில் சேராத ஏதாவது ஒன்று, டேப் சுற்றி, எங்காவது ஒளிந்திருக்கும். கிடைத்தால் வெட்டவோ பிடுங்கவோ வேண்டாம். பார்த்துவிட்டு வயரைப் பழையபடி மாட்டிவிடுங்கள். நிமிஷக் கணக்கில் நின்றால் அவர் போன் செய்வார். செய்தால், தூசி தட்டினேன் என்று சொல்லுங்கள்.

வண்டியை இப்படியே எனக்கு அனுப்பியிருந்தீர்கள் என்றால்? அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. லீவில் வந்திருந்தவர், நான் கிளம்பிய அன்று சமையலறையில் வைத்து என் காதருகே சொன்னது இதுதான்: "நீ எங்க போனாலும் கண்டுபிடிச்சுருவேன். வந்து நிப்பேன்." நீங்கள் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தீர்கள்.

இது அவர் காதுக்குப் போனால் நான் இந்த ஊரையும் விட்டு ஓட வேண்டும்.

வைஷ்ணவி

*

கிட்வாய் நகர்
12 டிசம்பர் 2024

வைஷ்ணவி,

உன் கடிதம் கண்டு எனக்கு வந்த ஆத்திரத்தில் இதை எழுதுகிறேன். என் பிள்ளையை என்னவென்று நினைத்தாய்? அப்பா போனபோது அவனுக்குப் பதினொரு வயது. நான் ஆபீஸ் விட்டு வர அரை மணி தாமதமானால் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பான். அவனுக்குப் பயம், ஆமாம். இருக்கிறவர்கள் போய்விடுவார்களோ என்கிற பயம். அதை நீ சந்தேகம் என்கிறாய், இப்போது குற்றம் என்கிறாய். கணவன் தன் பெண்டாட்டி எங்கே இருக்கிறாள் என்று கேட்டால் அது அவ்வளவு பெரிய பாவமா?

நீ சொல்கிற மாதிரி அளக்கத்தான் போகிறேன். உனக்காக இல்லை. உன் வாயை அடைக்க. ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும், அதில் உன் முகவரியும் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை லீவு. அன்றைக்குப் பார்க்கிறேன்.

சாந்தகுமாரி

*

கிட்வாய் நகர்
14 டிசம்பர் 2024, சனி

வைஷ்ணவி,

முப்பத்தொன்று காட்டியது. மீட்டர் தப்போ என்று மறுபடியும் வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றுதான்.

பின்பக்கச் சிவப்பு விளக்குக்கு உள்ளே, கறுப்பு டேப் சுற்றி, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. டேப்பின் இடுக்கில் பச்சை விளக்கு ஒன்று மினுக் மினுக் என்கிறது. இது என்ன என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் இருப்பது நிர்வாகப் பிரிவு. எங்கள் ஆபீஸ் கார் ஒவ்வொன்றிலும் இதே பெட்டி இருக்கிறது. பேஸ்மென்ட்டில் நின்றால் இடத்தைச் சரியாகக் காட்டாது. டிரைவர் எங்கே போனான், எவ்வளவு நேரம் நின்றான் என்று மாதா மாதம் வருகிற அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவள் நான்தான். மார்க்கெட்டில் நாற்பது நிமிஷம் நின்ற டிரைவருக்கு நானே மெமோ கொடுத்திருக்கிறேன்.

வயரைப் பழையபடி மாட்டிவிட்டேன். கீழேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வாரா வாரம் பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மாதிரி அதற்கு நான் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன், வைஷ்ணவி. அவன் கேட்டது உன் வண்டியை இல்லை.

அவனிடம் ஒன்றும் பேசவில்லை. நீ சொல், என்ன செய்ய வேண்டும் என்று.

சாந்தகுமாரி

*

21 டிசம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் இரவு தங்கள் வீட்டில் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததாகத் தெரசா அக்கா எழுதியிருந்தார்கள். சாப்பிடுங்கள். நான் ஜெயித்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. நான் பைத்தியம் இல்லை என்று தெரிந்தது, அவ்வளவுதான். அதற்கே ஒரு மூச்சு அழுதேன்.

அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தால் அந்த நிமிஷமே அவருக்குத் தெரியும். அது உயிரோடு இருந்து, உங்கள் வீட்டிலேயே இருப்பதாகக் காட்ட வேண்டும், வண்டி மட்டும் கிளம்ப வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. அந்தப் பெட்டியிலிருந்து சிவப்பு, கறுப்பு என்று இரண்டு மெல்லிய வயர் வரும். என் பையில் பல் வைத்த கிளிப் போட்ட வயர் ஒரு ஜோடி இருக்கிறது. பெட்டியின் வயர்களில் கொஞ்சம் தோலைச் சீவி, சிவப்பைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் கிளிப் போட்டு நேராகப் பிடிக்க வையுங்கள். சிவப்பும் கறுப்பும் ஒன்றையொன்று தொட்டுவிடக்கூடாது, ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். அதன் பிறகுதான் வண்டியோடு அது சேரும் இடத்தில் வெட்ட வேண்டும். கரண்ட் ஒரு நொடியும் நிற்காது. பிறகு வண்டியின் நெகட்டிவ், அப்புறம் பாசிட்டிவ் கழற்றிவிட்டு, பேட்டரியையும் பெட்டியையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடலாம். வண்டிக்கு இங்கே புது பேட்டரி போட்டுக்கொள்கிறேன்.

இதைச் செய்யச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவர் உங்கள் மகன். முடியாது என்றால் எழுதுங்கள், வண்டியையே விட்டுவிடுகிறேன். உங்கள் மேல் வருத்தப்பட மாட்டேன்.

நீங்கள் கேட்ட முகவரியை ஒட்டின உறையில் வைத்திருக்கிறேன். தெரசா அக்கா இதோடு சேர்த்துத் தருவார்கள். இனிமேல் உங்களிடம் மறைக்க எனக்கு மனசில்லை.

உங்கள் வைஷ்ணவி

*

கிட்வாய் நகர்
1 ஜனவரி 2025

அன்புள்ள வைஷ்ணவி,

நேற்றுக் காலை வேலை முடிந்தது. பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. நான் கிளிப் மாட்டினேன், தெரசாவின் புருஷன் கிளமெண்ட் டார்ச் பிடித்தார். சிவப்பு மாட்டும்போது கை வழுக்கிக் கறுப்பின் மேல் உரசப் பார்த்தது. "அக்கா, மெதுவா, மெதுவா" என்கிறார் அவர். வெட்டி முடித்து, பேட்டரியை வாளியில் வைத்துத் துண்டு போட்டு மூடி, லிஃப்டில் மேலே கொண்டு வந்தேன். மூன்றாம் மாடி அம்மாள், "வாளியில என்ன, மீனா?" என்றாள். ஆமாம் என்றேன். மார்கழி மாசத்தில் மீன் வாங்குகிறவள் என்று காலனி பூராவும் பேசிக்கொள்ளட்டும்.

பால்கனி மூலையில் பலகை போட்டு அதன் மேல் வைத்திருக்கிறேன். பெட்டி பக்கத்தில் மினுக்குகிறது. அன்று முழுக்கப் போனைப் பார்த்தபடியே இருந்தேன். இரவு வரை வரவில்லை. பத்து மணிக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டான். "பேட்டரி ஓகேவாம்மா?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். அது நிஜம்தானே.

வண்டியில் பெட்ரோலை வடித்து, சாக்குச் சுற்றி, நிஜாமுதீன் ஸ்டேஷன் பார்சல் ஆபீசில் கிளமெண்ட் பதிவு செய்துவிட்டார். ரசீதை நான் பார்க்கவில்லை. உன் உறையைப் பிரிக்கவும் இல்லை, அப்படியே தெரசாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கோபம் என்று நினைக்காதே. முகவரி கொடுத்தாயே, அது போதும் எனக்கு. ஆனால் எனக்குத் தெரிய வேண்டாம். என்னை எனக்குத் தெரியும். கத்தினால் தாங்கிக்கொள்வேன். அழுதான் என்றால் சொல்லிவிடுவேன்.

பிப்ரவரியில் அவனுக்கு லீவு, வருகிறான். அதுவரை இந்தப் பேட்டரி இறங்காமல் பார்த்துக்கொள்கிறேன். அது இறங்கினால் அவன் முன்னாலேயே கிளம்பி வருவான்.

சாந்தகுமாரி

*

16 ஜனவரி 2025

அன்புள்ள அத்தை,

வண்டி வந்து சேர்ந்தது. ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது, மற்றபடி சேதமில்லை. புது பேட்டரி போட்டுப் பொத்தானை அமுக்கினதும் பிடித்துக்கொண்டது. நேற்று வேலைக்கு அதில்தான் போனேன். பாதி வழியில் ஓரமாக நிறுத்தி, பின்விளக்கின் மூடியைத் திறந்து பார்த்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள் என்று தெரிந்தும் பார்த்தேன். திரும்பி வரும்போது பார்க்கவில்லை.

அந்தப் பெட்டிக்காக நீங்கள் வாரா வாரம் சார்ஜரைத் தூக்குவதை நினைத்தால் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குளிரில் பேட்டரி சீக்கிரம் மந்தமாகும். பன்னிரண்டு புள்ளி நாலுக்குக் கீழே விடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பால்கனிக் கதவைத் திறந்தே வையுங்கள், அருகில் விளக்கு ஏற்ற வேண்டாம்.

அவர் வந்து வண்டி இல்லை என்று பார்க்கும் அந்த நேரத்தில் நீங்கள் தனியாக இருக்கக்கூடாது. கிளமெண்ட் அண்ணனைக் கூட இருக்கச் சொல்லுங்கள். என்னால் உங்கள் இருவருக்கும் இடையில் இப்படி ஆகிவிட்டது. ராத்திரி தூக்கம் இல்லை. நீங்கள் வேண்டுமானால் என்னோடு வந்து இருங்களேன். நிஜமாகக் கேட்கிறேன்.

உங்கள் வைஷ்ணவி

*

கிட்வாய் நகர்
9 பிப்ரவரி 2025

என் கண்ணு வைஷ்ணவி,

நேற்றுக் காலை வந்துவிட்டான். சூட்கேஸை வாசலிலேயே வைத்துவிட்டு, உள்ளே கூட வராமல் போனைக் கையில் பிடித்தபடி பார்க் பக்கம் போனான். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். போனைப் பார்க்கிறான், நிமிர்கிறான், நாலு அடி நடக்கிறான், திரும்புகிறான். ஆபீஸ் கார் தொலைந்தால் எங்கள் ஆட்கள் தேடுகிற மாதிரியே இருந்தது. அப்புறம் தலையைத் தூக்கி நம் பால்கனியைப் பார்த்தான்.

மேலே வந்தான். நான் பால்கனிக் கதவைத் திறந்துவிட்டேன். பலகை, பேட்டரி, கிளிப், பச்சை விளக்கு எல்லாவற்றையும் பார்த்தான்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றான்.

"டிசம்பர்லேர்ந்து."

"இத்தனை நாளா நீ…"

"வாரா வாரம் சார்ஜ் போட்டேண்டா. நீ சொன்ன மாதிரியே."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. தரையில் உட்கார்ந்துகொண்டான். பதினொரு வயதில் பஸ் ஸ்டாப்பில் நின்றானே, அதே முகம். "அவ எங்கம்மா இருக்கா? அது மட்டும் சொல்லு. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்றான். அழுதான். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன், வைஷ்ணவி. பெற்ற வயிறு, அதை நான் மறைக்கப் போவதில்லை. தெரிந்திருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருப்பேன்.

"தெரியாதுடா" என்றேன்.

நம்பவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தான். "சத்தியம் பண்ணு. என் தலை மேல அடிச்சு சத்தியம் பண்ணு, தெரியாதுன்னு." அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது காணாமல் போன பென்சிலுக்குக் கூட நான் அவன் தலையில் சத்தியம் செய்ததில்லை. இருக்கிறது ஒரே பிள்ளை. அவன் தலை கொதித்துக்கொண்டிருந்தது, ஜுரம் போல.

சத்தியம் செய்தேன். மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் செய்தேன். என் கை ஆடவில்லை. அவனுக்கு என்னைத் தெரியும், அவன் தலையில் அடித்து நான் பொய் சொல்ல மாட்டேன் என்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிஜமாவே உனக்குத் தெரியாது" என்றான். தேடுவதை அந்த நிமிஷத்தில் விட்டான் என்று நினைக்கிறேன். அப்புறம் அந்தக் கிளிப்பை அவனே கழற்றினான்.

நாளைக்கு அவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். தெரசா தன் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கித் தந்திருக்கிறாள். வருகிறேன் என்றிருக்கிறான். வரவில்லை என்றாலும் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். அவன் என் பிள்ளை, நீ ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

என்னைக் கூட வந்து இருக்கச் சொன்னாயே, அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வர மாட்டேன். நான் எங்கே போனாலும் அவன் பின்னாலேயே வருவான்.

இதற்குப் பதில் எழுதாதே. தெரசா வீட்டுக்கும் இனி எழுத வேண்டாம், அடுத்து அவளைத்தான் கேட்பான். அவளுக்குப் பிள்ளை தலையில் சத்தியம் செய்கிற கஷ்டத்தை நாம் கொடுக்கக்கூடாது. உன் கையெழுத்தை இனிப் பார்க்க மாட்டேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. இருந்தாலும் எழுதாதே.

நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. அதனால் தினமும் விளக்கேற்றும்போது எல்லா ஊருக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

அத்தை